மேட்டூருக்குக் கிளம்பும் முன் நீர்மட்டத்தைப் பாருங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேட்டூர் அணைக்குப் போய்வந்த இரண்டு பேரிடம் விசாரித்தால் இரண்டு வேறு ஊர்களைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும். ஒருவர், "கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், பதினாறு கண் மதகில் நுரை தள்ளிக்கொண்டு போனது" என்பார். இன்னொருவர், "வெயிலில் வெந்ததுதான் மிச்சம், எங்கேயோ தூரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அணை நிரம்பிய வாரத்தில் போயிருப்பார், மற்றவர் நீர்மட்டம் நாற்பது அடிக்கு இறங்கிக் கிடந்த நாளில் போயிருப்பார்.

ஏரி, பூங்கா போல எப்போது போனாலும் ஒரே மாதிரி இருக்கிற இடம் இல்லை இது. பாசனத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். ஜூனில் திறப்பார்கள், ஜனவரியில் மூடுவார்கள், நடுவில் கர்நாடகத்தில் மழை பெய்தால் ஏறும், பெய்யாவிட்டால் இறங்கும். ஆகவே பேருந்து நேரம் பார்ப்பதற்கு முன் நீர்மட்டம் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்த வாரம் போகலாம், போனால் எந்தக் கரைக்குப் போகலாம், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாமா என்பதையெல்லாம் வீட்டிலிருந்தபடியே முடிவு செய்துவிடலாம்.

முதலில்: நாளிதழில் வரும் நான்கு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தினமும் காலை 8 மணி நிலவரம் என்று செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நான்கு எண்கள் வரும். நீர்மட்டம் அடியில் இருக்கும். நீர் இருப்பு டிஎம்சியில் இருக்கும். நீர்வரத்தும் நீர்த்திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும்.

நீர்மட்டத்தின் உச்சம் 120 அடி. இது அணையின் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அடித்தளத்திலிருந்து பார்த்தால் அணை 214 அடி உயரம். தண்ணீரை முழுதாகத் தேக்கிவைக்கும் அளவுதான் 120 அடி. அந்த அளவில் தண்ணீர் கடல் மட்டத்துக்கு 790 அடி மேலே நிற்கிறது, இருப்பு 93.47 டிஎம்சி, தண்ணீர் பரவி நிற்கும் பரப்பு 150 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஒரு டிஎம்சி ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். இந்த எண் மனதில் நிற்காது, விட்டுவிடுங்கள். நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று: வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் அது ஒரு டிஎம்சி. அணையைப் பற்றிய பாதிக் கணக்கு இந்த ஒரு எண்ணிலேயே போட்டுவிடலாம்.

எப்படி என்று பார்க்கலாம். இன்று காலை நீர்வரத்து 60,000 கன அடி, திறப்பு 15,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 45,000. அதை 11,574-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.9. நாளைக் காலைக்குள் அணையில் சுமார் 3.9 டிஎம்சி கூடும். செய்தியாளர்கள் நீர்வரத்தைத்தான் தலைப்பில் போடுவார்கள். ஆனால் அணைக்குக் கிளம்புகிறவருக்கு வேண்டியது வரவுக்கும் திறப்புக்கும் உள்ள வித்தியாசம். வரத்து ஐம்பதாயிரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். திறப்பும் ஐம்பதாயிரமாக இருந்தால் நீர்மட்டம் அசையாது.

அடுத்து: ஓர் அடி ஏறுவதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அணை 60 அடியில் இருக்கிறது என்றால் பாதி நிரம்பியிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அப்போது இருப்பு 25 டிஎம்சி அளவுதான், அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே ஆற்றை மறித்துக் கட்டிய அணை இது. அடியில் பள்ளத்தாக்கு குறுகல், மேலே போகப் போக அகலம். அதனால் கீழே ஓர் அடி ஏறுவதற்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், மேலே ஓர் அடி ஏறுவதற்கு நிறைய வேண்டும்.

தோராயமாகச் சொன்னால், 40 அடியில் 12 டிஎம்சி, 50 அடியில் 18-ஐ ஒட்டி, 100 அடியில் 65-ஐ ஒட்டி, 110 அடியில் 78-ஐத் தாண்டி, 120-இல் 93.47. நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏற ஆறு டிஎம்சிகூட வேண்டாம். 110-லிருந்து 120-க்கு ஏற ஏறத்தாழ பதினைந்து டிஎம்சி வேண்டும். கடைசி ஓர் அடிக்கு மட்டுமே ஒன்றரை டிஎம்சிக்கு மேல் பிடிக்கும்.

மேலே பார்த்த 3.9 டிஎம்சி கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். அணை 45 அடியில் இருந்தால் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் ஆறேழு அடி ஏற்றிவிடும். 95 அடியில் இருந்தால் மூன்று அடி. 118-இல் இருந்தால் இரண்டரை அடிகூட ஏறாது. "நேற்று ஒரே நாளில் ஏழு அடி உயர்ந்தது" என்ற செய்தியைப் பார்த்து, இந்த வேகத்தில் அடுத்த வாரமே நிரம்பிவிடும் என்று அறை பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே வர வர வேகம் குறையும் என்று நினைவில் வையுங்கள்.

வேகம் குறையும் என்றாலும், மழை வலுத்தால் இந்த அணை எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு 2024 நல்ல உதாரணம். ஜூலை நடுவில் நீர்மட்டம் ஐம்பது அடிக்கும் கீழே. அந்த மாதம் முடிவதற்குள் 120. இதற்கு நேர் எதிர் 2023. வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தார்கள், மேலேயிருந்து தண்ணீர் சரியாக வரவில்லை, அக்டோபர் 10-ஆம் தேதியே பாசனத் திறப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது நீர்மட்டம் முப்பது அடியை ஒட்டி இருந்தது. போன வருடம் இதே மாதத்தில் நிரம்பியிருந்தது என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது: மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள்

மேட்டூருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி குடகு, வயநாடு மலைகளில் தென்மேற்குப் பருவமழையில் பெய்தது. அது முதலில் கர்நாடக அணைகளில் தங்குகிறது. கிருஷ்ணராஜசாகர் 49.45 டிஎம்சி, ஹேமாவதி 37 டிஎம்சி, கபினி 19.5 டிஎம்சி, ஹாரங்கி 8.5 டிஎம்சி. கபினி கிருஷ்ணராஜசாகரைவிடச் சின்னது, வயநாட்டு மழையில் சீக்கிரம் நிரம்பிவிடும். பருவம் தொடங்கியதும் முதலில் உபரி நீர் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி இரண்டிலிருந்தும் சேர்ந்து திறந்தால் மேட்டூருக்கு வெள்ளம் என்று பொருள்.

சிலர் கிருஷ்ணராஜசாகரின் 124.80 அடியையும் மேட்டூரின் 120 அடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அடி கிட்டத்தட்ட ஒன்றுதான், கொள்ளளவோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அணைக்கு அணை அடியை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவிடும் நிலையம் இருக்கிறது. காவிரிப் பங்கீட்டில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கு வைப்பது அந்த இடத்தில்தான். அப்புறம் ஒகேனக்கல், அதன்பின் மேட்டூர். ஆகவே "கபினியில் திறப்பு அதிகரிப்பு" என்று திங்கட்கிழமை செய்தி வந்தால் மேட்டூரில் அதன் விளைவு வியாழன் வாக்கில் தெரியும். வாரக் கடைசிப் பயணத்தைத் திட்டமிட இதைவிட வசதியான முன்னறிவிப்பு கிடையாது.

பிலிகுண்டுலு அளவும் மேட்டூர் நீர்வரத்தும் ஒரே எண்ணாக இருக்காது. வந்து சேர நேரம் ஆகிறது. நடுவில் சின்னாறு, பாலாறு போன்றவை வேறு வந்து சேர்கின்றன. தர்மபுரி பக்கம் பலத்த மழை என்றால் கர்நாடகம் ஒன்றும் திறக்காமலேயே மேட்டூருக்கு நீர்வரத்து கூடும்.

நான்காவது: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

காவிரி நீர் ஆண்டு ஜூனில் தொடங்கி மே மாதம் முடிகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி ஓராண்டில் பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி. இதை மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு வெறும் 2.5. ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்குப்படியே தண்ணீர் வந்துவிடாது, அது வேறு கதை. ஆனால் ஆற்றின் இயல்பு இந்தப் பட்டியலில் தெரிகிறது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை.

திறப்பின் நாட்காட்டி வேறு. டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12-இல் திறப்பதும், சம்பா, தாளடி முடிந்து ஜனவரி 28-இல் மூடுவதும் மரபு. தண்ணீர் போதாத வருடங்களில் தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். 2022-இல் இருப்பு நன்றாக இருந்ததால் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். இது போக, சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களுக்கான கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவது வழக்கம். கால்வாய் ஓடும் அந்த மாதங்களில் ஊரைச் சுற்றியுள்ள வயல்கள் பச்சையாக இருக்கும்.

மூடிய பிறகு குடிநீருக்கு ஆயிரம் கன அடி அளவுக்கு விடுவார்கள். அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, பாறைகள் தெரியும். கோடையில் மேட்டூரின் வெயிலைத் தாங்க முடியாது. அனல் மின் நிலையமும் ஆலைகளும் உள்ள தொழில் நகரம் அது, மலைவாசத்தலம் அல்ல.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு நல்லது செப்டம்பர். ஆடிக் கூட்டம் கலைந்திருக்கும், மழை சுமாராக இருந்த வருடத்தில்கூட அணையில் ஓரளவு தண்ணீர் இருக்கும், டெல்டாவுக்குத் திறப்பு இருப்பதால் கீழே ஆறும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது: போய்ச் சேருவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக ஐம்பது கிலோமீட்டர், பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஈரோட்டிலிருந்து பவானி, அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாக ஆற்றோரமாகவே வரலாம். எனக்கு இந்தப் பாதைதான் பிடிக்கும், வழியில் ஆற்றை மறித்துக் கட்டிய கதவணைகள் ஒவ்வொன்றாகத் தெரியும், கோடையிலும் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கும். தர்மபுரியிலிருந்து வருகிறவர்கள் தொப்பூர், மேச்சேரி வழி. மேட்டூர் அணை என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் கிளைப் பாதை என்பதால் வண்டிகள் குறைவு. நேரம் பார்க்காமல் நம்பிப் போக வேண்டாம்.

ஆறாவது: அணையடியில் என்ன பார்ப்பது

பேருந்து நிலையத்திலிருந்து எல்லோரும் நேராகப் போவது அணைப் பூங்காவுக்கு. மரநிழல், பிள்ளைகள் விளையாட ஊஞ்சல், சறுக்கு, அண்ணாந்து பார்த்தால் அணைச் சுவர். குடும்பத்தோடு போனால் அரை நாள் இங்கேயே போய்விடும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பூங்கா இருப்பது அணைக்குக் கீழ்ப்பக்கம். இங்கிருந்து தேங்கியிருக்கும் தண்ணீர் தெரியாது. பூங்காவை மட்டும் பார்த்துவிட்டு "அணையில் தண்ணீரே இல்லை" என்று திரும்புகிறவர்கள் உண்டு. நீர்ப்பரப்பை மேலேயிருந்து பார்க்க அணையின் 75-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய பவளவிழா கோபுரம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், வெள்ள நாட்களில் பாதுகாப்பு கருதி அனுமதி மாறும். அணையின் மேல் நினைத்தபடி நடந்து போக முடியாது, காவல் உண்டு.

1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்த அணை இது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அழைக்கப்பட்டது. உபரி நீர்ப் போக்கிக்கு எல்லிஸ் என்ற பொறியாளரின் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பதினாறு கண் மதகு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

பதினாறு கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். இது பிரதான அணையிலிருந்து தள்ளி, தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், கதவு 20 அடி உயரம். அணையில் 100 அடி தண்ணீர் ஏறினால்தான் இந்தக் கதவுகளைத் தண்ணீர் தொடும். ஆகவே நீர்மட்டம் நூறுக்குக் கீழே இருக்கும்போது பதினாறு கண் பாலத்துக்குப் போனால் காய்ந்த பாறையைத்தான் பார்க்கலாம். நூறைத் தாண்டினாலும் உடனே திறக்க மாட்டார்கள். பாசனத்துக்கு விடும் தண்ணீரை முதலில் அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியாக அனுப்பி மின்சாரம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்து இருபதாயிரத்துச் சொச்சம் கன அடி வரை வாங்கும். அணை நிரம்பி, அதற்கும் மேல் தண்ணீர் வந்தால்தான் பதினாறு கண் திறக்கும்.

இப்போது நாளிதழ் எண்களுக்குத் திரும்புங்கள். நீர்மட்டம் 119-க்கு மேல், நீர்வரத்து முப்பதாயிரத்துக்கு மேல் என்றால் மதகு திறந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திறப்பு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று செய்தி வந்தால் கட்டாயம் திறந்திருக்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த அளவில் போகும்போது இரைச்சல் வெகு தூரம் கேட்கும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக் காவலர்கள் விடமாட்டார்கள், அவர்களோடு வாதாடாதீர்கள். கூட்டம் சேர்ந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். காலை ஏழு மணிக்கு முன் போனால் நெரிசல் குறைவு, வெளிச்சமும் படத்துக்கு நன்றாக இருக்கும்.

பூங்காவுக்குப் பக்கத்தில் அணைக்கட்டு முனியப்பன் கோயில். கிடா வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, உறவுக்காரர்களைக் கூட்டிப் பந்தி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை போனால் புகையும் மசாலா வாசமுமாக இருக்கும். ஆடி பதினெட்டு அன்று சேலம், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி என்று நாலாப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும். புது மணமக்கள் தாலிக் கயிறு மாற்ற, பெண்கள் முளைப்பாரி விட, பலர் சும்மா முழுக்குப் போட. பார்க்க வேண்டிய நாள்தான். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் முதல்முறை வருகிறவர்களுக்கு மட்டும் நான் அந்த நாளைச் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் என்பதால் பெரும்பாலும் வெள்ளமும் அதே சமயம் வரும், குளிக்க இடம் சுருங்கிவிடும்.

ஏழாவது: மேல்கரைக்கும் ஒரு முறை போங்கள்

மேட்டூர் என்றால் பூங்கா, மதகு என்று முடித்துக்கொள்வார்கள். நீர்த்தேக்கத்தின் அழகு இருப்பது வடக்கே, கொளத்தூரைத் தாண்டி. மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் கொளத்தூர் வரை போய், அங்கிருந்து பண்ணவாடி பிரிவில் திரும்பினால் நீர்க்கரைக்கு வந்துவிடலாம். எதிர்க்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமறை. இரண்டு கரைக்கும் நடுவே படகு ஓடுகிறது. இன்னும் மேலே கோட்டையூரிலிருந்து எதிரே ஒட்டனூருக்கும் அப்படித்தான். இவை சுற்றுலாப் படகுகள் அல்ல. சாலை வழியாகப் போனால் வெகு தூரம் சுற்ற வேண்டும் என்பதால் ஊர்க்காரர்கள், மாணவர்கள், இருசக்கர வண்டிகள் எல்லாம் இதில்தான் போய்வருகின்றன. பயணிகளோடு பயணியாக ஏறிப் போய்த் திரும்பினால் அணையின் அகலம் என்ன என்று உடம்புக்குத் தெரியும். உயிர்காக்கும் உடை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் கரைக்கு அணை நிரம்பிய நாளைவிட வற்றிய நாள்தான் சுவாரசியம். அணை கட்டியபோது இங்கிருந்த ஊர்கள் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் எண்பது அடியை ஒட்டி இறங்கும்போது பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தி வெளியே வரும். முழுக்க வற்றிய வருடங்களில் பக்கத்திலேயே நடந்து போகலாம், ஊர்க்காரர்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். மற்ற நேரத்தில் பரிசலில்தான் போக வேண்டும். தண்ணீர் வடிந்த நிலத்தில் சோளம், கம்பு, நிலக்கடலை என்று விதைத்திருப்பார்கள். திடலாகத் தெரிகிறதே என்று பயிரில் வண்டியை ஏற்றிவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வடிந்த நிலத்தின் மேல்தோல் காய்ந்திருக்கும், அடியில் சேறு இருக்கும். நீர் விளிம்புக்கு அருகே போகப் போகக் கால் புதையும், முன்னால் யாராவது நடந்த தடத்தில் மட்டும் நடங்கள். இன்னொன்று, சில வருடங்களில் மழை ஓய்ந்து நீர் அசையாமல் நிற்கும்போது பண்ணவாடி, கோட்டையூர் கரைகளில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் எடுக்கும். அப்படி இருக்கும் வாரத்தில் அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட முடியாது. போகும் முன் கொளத்தூரில் ஒரு தேநீர்க் கடையில் விசாரித்தால் போதும், உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.

ஒகேனக்கல்லையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள். மேலும் இரண்டு இடமும் ஒரே தண்ணீரை எதிரெதிராகப் பார்க்கின்றன. மேட்டூரில் மதகு திறக்கும் அளவுக்கு வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கும். பரிசல் சவாரி வேண்டுமென்றால் நீர்வரத்து தணிந்த வாரத்தில் ஒகேனக்கல், மதகு பார்க்க வேண்டுமென்றால் வெள்ள வாரத்தில் மேட்டூர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது: தண்ணீரில் இறங்குவதற்கு முன்

நீர்த்தேக்கத்துக்குள் குளிக்காதீர்கள். ஆறு என்றால் ஆழம் படிப்படியாகக் கூடும் என்ற நினைப்பு இங்கே உதவாது. ஒரு காலத்தில் குன்றும் ஓடையுமாக இருந்த நிலம் அடியில் கிடக்கிறது. இரண்டு அடி தள்ளிப் பள்ளம் இருக்கும். மீனவர்களின் வலைகள் வேறு.

குளிக்கிறவர்கள் அணைக்குக் கீழே, காவிரிப் பாலம், மட்டம் போன்ற வழக்கமான படித்துறைகளில் குளிக்கிறார்கள். அங்கேயும் அன்றைய திறப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஆயிரம் கன அடி போகும்போது முழங்கால் அளவாக இருக்கும் பாறை, பத்தாயிரம் திறந்தால் கண்ணுக்கே தெரியாது. திறப்பு நாளில் ஒரேயடியாக விடாமல் முதலில் சில ஆயிரம், மாலைக்குள் பத்தாயிரத்துக்கு மேல் என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். காலையில் நின்ற பாறையில் மதியம் நிற்க முடியாது. வெள்ளக் காலத்தில் ஒலிபெருக்கியிலும் தண்டோராவிலும் எச்சரிப்பார்கள். கேட்டதும் துணிமணியைத் தேடிக்கொண்டிருக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் துணிகிறார்கள், அவர்களைத்தான் தண்ணீரும் அதிகம் இழுக்கிறது. திறப்பு பத்தாயிரத்தைத் தாண்டினால் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

தூண்டில் போடும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர்த்தேக்கத்தில் மீன்வளத் துறையின் உரிமம் பெற்ற மீனவர்கள்தான் பிடிக்கிறார்கள், அவர்கள் பிழைப்பே இது. கையில் தூண்டிலோடு போய் நிற்பதைவிட அவர்களிடம் வாங்கிச் சாப்பிடுவதுதான் நமக்கு ஏற்றது.

கடைசியாக: மீன்

அணைப் பகுதியில் வரிசையாக மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. கட்லா, ரோகு, மிர்கால், கெளுத்தி, அரஞ்சான், ஜிலேபி என்று அன்று வலையில் வந்தது தட்டில் இருக்கும். கட்லா, ரோகுவில் முள் பெரிது, பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க எளிது. முள்ளுக்குப் பயப்படாதவர்கள் அரஞ்சான் கேளுங்கள், பொரித்தால் தனி ருசி. மசாலா தடவிச் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பதைச் சூடுபண்ணித் தருவார்கள், அதை வாங்காமல் உங்கள் கண் முன்னால் எண்ணெயில் போடச் சொல்லுங்கள். எண்ணெயில் போடுவதற்கு முன்பே விலையைப் பேசிவிடுங்கள். துண்டுக் கணக்கா எடைக் கணக்கா என்று கேட்டால் பின்னால் தகராறு இருக்காது.

வீட்டுக்குப் பச்சை மீன் வாங்குவதானால் காலையிலேயே வாங்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் நல்லது மிஞ்சாது. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் எடுங்கள். சேலம் போவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் ஐஸ் போட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள், பேருந்தில் போகிறவர்கள் இரட்டைப் பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.